மீதி நாளைக்கு

அத்தியாயம் 5

மெஷின் ரூமுக்குப் போகும் வழி லிஃப்டுக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடி வரை போய்விட்டுத் திரும்புவார்கள். நான் நேராக அந்த இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றேன். பின்னால் வந்த அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காதபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. என் முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய் விபத்துகளைப் பிடித்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவர். வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரம்பம். கேள்வி கேட்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் இரண்டு துண்டாகும் வரை நிறுத்த மாட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் ஆந்தை. முன்பு சில வருடம் நைட் ஷிஃப்டில் இருந்தேன் என்று சொன்னதால் வந்தது. எங்கே இருந்தேன் என்று சொன்னதில்லை. "ஏதோ ஒரு மெஷின் ரூம்" என்பதோடு விட்டிருந்தேன்.

இந்த மெஷின் ரூம்தான்.

காலையில் முகவரியைப் பார்த்ததுமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறு வருடம் ஆகிவிட்டது, ஆட்கள் மாறிவிட்டார்கள், பகலில் என் முகத்தை அங்கே யாரும் பார்த்ததும் இல்லை.

உள்ளே ஆள் உயர அலமாரிகளில் எழுபத்திரண்டு கணினிகள். எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும். இந்த வருடம் அவற்றுக்குக் கொடுத்திருந்தது ஓர் அணையின் கணக்கு. அணை உடைந்தால் தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்று சொல்ல அதற்கு இருபத்திரண்டு நாள் வேண்டும். மூன்று முறை தொடங்கினார்கள். மூன்று முறையும் பாதியில் செத்தது.

"செத்துச்சுன்னா என்ன அர்த்தம்?" அக்கா கேட்டார்.

"வரிசையே காலி மேடம்," என்றார் மேலாளர். கையில் ஒரு ஷிஃப்ட் அட்டவணையை எழுத்து வெளியே தெரியச் சுருட்டி வைத்திருந்தார். "இங்க ஷெட்யூலர்னு ஒண்ணு ஓடுது. கிளினிக்ல டோக்கன் கொடுக்கிற ஆள் மாதிரி. எந்த வேலை எந்த மெஷினுக்குன்னு ஒரு நோட்ல எழுதி வச்சுக்கிட்டு அனுப்பும். அந்த நோட்டை யாரோ துடைச்சிருக்காங்க. நோட்ல பேர் இல்லன்னா ஓடிட்டு இருக்கிற வேலையும் நின்னுடும்."

"யாரோங்கறீங்க. கையில இருக்கிற அட்டவணையில ஒரு பேர்தானே வட்டம் போட்டிருக்கு?"

மேலாளர் அட்டவணையை விரித்தார். மூன்று தேதிகள். மூன்றும் பகல் ஷிஃப்ட். மூன்றிலும் ஒரே ஆபரேட்டர். நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அதற்குள் அவள் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் போலீஸ். எப்படிப் போனாலும், இனி எந்த மெஷின் ரூமும் அவளை வாசலைத் தாண்ட விடாது.

"முடிவு பண்ணிட்டீங்க. எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"வெளியாள் ஒருத்தர் வந்து பார்த்தாங்கன்னு ஃபைல்ல இருக்கணும் மேடம்."

"அப்ப நாங்க ரப்பர் ஸ்டாம்ப்," என்றேன். "பரவாயில்ல சார். நாலு மணி வரைக்கும் மை காயாம பாத்துக்கறோம்."

ஆபரேட்டர் தன் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். குளிருக்கு ஆண்கள் போடும் பெரிய ஸ்வெட்டர், கைகளை மணிக்கட்டுக்கு மேல் சுருட்டி விட்டிருந்தாள். அழுது முடித்த முகம். அக்கா அவளிடம் எதுவும் கேட்காமல் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். அவளுடைய கால்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று தட்டையான அட்டைப் பெட்டிகளின் மேல் இருந்தன.

"என்னம்மா இது, சிம்மாசனமா?"

"தரை சில்லுனு இருக்கும் மேடம். புது மெஷின் வந்த பெட்டிங்க. கெட்டுப்போனதை அதே பெட்டியில வச்சுக் கொடுத்தாதான் கம்பெனிக்காரன் திருப்பி எடுப்பான். ஆறு மாசமா வர்றேன் வர்றேன்னு சொல்றான்."

ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் அதைப் பிரித்த தேதி கறுப்பு மையில் எழுதியிருந்தது. அக்கா மேலாளரின் கையிலிருந்து அட்டவணையை உருவிப் பெட்டிகளின் பக்கத்தில் பிடித்தார். மூன்று பெட்டி, மூன்று தேதி. ஒரு நாள்கூட முன்னேபின்னே இல்லை.

"பாத்தீங்களா," என்றார் மேலாளர். "மெஷின் மாத்தற சாக்குல கை வச்சிருக்காங்க."

"மத்த ஷிஃப்ட்ல மெஷின் கெட்டுப்போறதே இல்லையா?"

ஆபரேட்டர்தான் பதில் சொன்னாள். "கெட்டுப்போகும் மேடம். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிடுவாங்க. நான் வந்து மாத்துவேன்."

"ஆக, இந்த ரூம்ல வேலை செய்யறது ஒரே ஆள். அதனால எது நடந்தாலும் பக்கத்துல இருக்கிறதும் அதே ஆள்."

"இதுக்குத்தான் அக்கா நான் எந்த வேலையையும் முழுசா முடிக்கிறதே இல்ல," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் அடித்த கடைசி ஜோக் அதுதான்.

அக்காவின் கண் அட்டவணையிலேயே இருந்தது. "ஒண்ணு பத்து, ஒண்ணு இருபத்தஞ்சு, ஒண்ணு அஞ்சு. வேலை செத்த நேரம் எல்லாமே மதியம் ஒரு மணியை ஒட்டி இருக்கு. அப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"சாப்பிடப் போயிருந்தேன். புது மெஷினை மாட்டி, ஒயரெல்லாம் கொடுத்து, ஸ்விட்சைப் போட்டுட்டுச் சாப்பிடப் போவேன். மீதியை அதுவே பாத்துக்கும்."

"எது?"

"பிளேபுக், மேடம்." அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "ஒரு மெஷின்ல ஷெட்யூலரைக் கையால ஏத்தணும்னா அரை நாள் ஆகும். எழுபத்திரண்டுக்கும் யார் செய்யறது? அதனால என்னென்ன இருக்கணும், எது எதுக்கு அப்புறம் வரணும்னு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல எழுதி வச்சிருக்கு. அரை மணிக்கு ஒருதடவை ஒரு புரோகிராம் எல்லா மெஷினையும் ஒரு சுத்து சுத்தி வரும். புது மெஷின் கண்ல பட்டா இந்த ஃபைலைப் படிச்சு வரி வரியா செஞ்சு, மத்ததுங்க மாதிரியே ஆக்கி விட்டுடும். ஏற்கெனவே சரியா இருக்கிறதைத் தொடாது."

"யார் எழுதினது?"

அவள் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் இளகியது. "தெரியாது மேடம். எனக்கு முன்னாடி கான்ட்ராக்ட்ல இருந்த யாரோ ஒருத்தர். நான் சேர்ந்தப்ப சொல்லிக்கொடுக்க ஆளே இல்ல. இதைப் படிச்சுப் படிச்சுத்தான் வேலையைக் கத்துக்கிட்டேன். நடுவுல நடுவுல தமாஷா எழுதி வச்சிருப்பாரு. இதோ பாருங்க."

பார்த்தேன். 'இந்த வரியைத் தொட்டவனுக்குக் கல்யாணம் ஆகாது.' 'இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கும் தெரியாது, நீயும் கேட்காதே.' 'நாற்பது வினாடி பொறு. காரணம் பெரிது.' ஃபைலின் கடைசியில், தனியாக: 'தூக்கம் வருது. மீதி நாளைக்கு.'

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் இவ்வளவு பேசுகிறவனாக இருந்திருக்கிறேன்.

"இதெல்லாம் வேலைக்குத் தேவையில்லாத வரிதானே," என்றார் மேலாளர்.

"எனக்குத் தேவையா இருந்துச்சு சார்," என்றாள் அவள்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு மெஷின் தெரியாது. நான்தான் அந்தப் புது மெஷின்னு வச்சுக்குங்க. இப்பத்தான் பெட்டியிலேர்ந்து வெளிய வந்திருக்கேன். ஃபைல் என்கிட்ட என்னென்ன சொல்லுது? ஒண்ணு விடாம படிங்க."

அவள் விரலை வைத்துப் படித்தாள். இந்தப் பெயரில் ஒரு பயனர் கணக்கைத் திற. இந்த ரகசியச் சாவியை நகல் எடு. ஷெட்யூலரை ஏற்று. நாற்பது வினாடி பொறு. எனக்கு அடுத்த வரி தெரியும். அவள் விரலைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"உன்கிட்ட 'வந்தாச்சு'ன்னு ஒரு காலி ஃபைல் இருக்கான்னு பாரு. இல்லன்னா, இதுதான் முதல் தடவை. வரிசை நோட்டைத் துடைச்சிட்டு, ஷெட்யூலரை முதல்லேர்ந்து தொடங்கு. அப்புறம் 'வந்தாச்சு'ன்னு ஒரு ஃபைல் வச்சுக்கோ. இருந்துச்சுன்னா…"

நிறுத்திவிட்டாள்.

"நோட்டு எங்க இருக்கு?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

"பொது டிஸ்க்ல மேடம். எல்லா மெஷினுக்கும் ஒரே நோட்டுதான்." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஆனா 'வந்தாச்சு' மெஷினுக்கு மெஷின் தனி."

"சரிதான். புதுசா குடி வர்றவன் தான்தான் முதல் ஆளுன்னு நினைச்சுக்கிட்டு, ஏற்கெனவே இருக்கிறவங்க சாமானையெல்லாம் தெருவுல எறியறான். எறிஞ்சிட்டு, வந்தாச்சுன்னு கதவுல எழுதிட்டு, அப்புறம் நல்ல பிள்ளையா இருக்கான்." அக்கா மேலாளரைப் பார்த்தார். "யாரும் கை வைக்கல சார். கெட்ட மெஷினை எடுத்துட்டு நல்ல மெஷினை வச்சதுதான் இவங்க செஞ்ச குற்றம்."

அந்த வரி எப்படி வந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஃபைலைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் நோட்டில் குப்பை சேரும். ஒவ்வொரு தடவையும் கையால் துடைக்க வேண்டும். ஏழாவது தடவை சலிப்பு வந்து, துடைக்கிற வேலையையும் ஃபைலிலேயே எழுதிவிட்டேன். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டிய வரி. எல்லா மெஷினிலும் ஓட்டினேன். நோட்டு காலியாக இருந்ததால் ஒரு சேதமும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். மறுநாள் மாலை விழித்தேன், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. சண்டை இல்லை, யாரும் சாகவில்லை, காதல் தோல்வி இல்லை. போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. ஐந்து வருடம் ஒரு மெஷினும் முழுதாகச் சாகாமல் இருந்ததால் அந்த வரியும் சும்மா கிடந்தது.

மேலாளர் அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. "எந்த வரியை யார் எழுதினாங்கன்னு பதிவு இருக்கும். ஒரு நிமிஷம்." குனிந்து இரண்டு பொத்தானைத் தட்டினார். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் வந்து நின்றது. மேலிருந்து கீழ் வரை ஒரே பெயர். ஆபரேட்டரின் பெயர். தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது.

"ஃபைலெல்லாம் இருந்த பழைய சர்வரைத் தூக்கிப் போட்டப்ப எல்லாத்தையும் நான்தான் புதுசுக்கு மாத்தினேன்," என்றாள் அவள். "அதனால என் பேர் வருது."

"பழைய பதிவு?"

"சர்வரோட போயிடுச்சு சார்."

"அப்ப இந்த வரியை நீங்க எழுதலன்னு காட்ட எதுவும் இல்ல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது அது எங்களுக்குச் சொன்ன மாதிரி இல்லை. "அவரு இப்படி எழுதியிருக்க மாட்டாரு. 'முதல் மெஷின்ல மட்டும்'னு மேல ஒரு வரி கண்டிப்பா இருந்திருக்கும். மாத்தும்போது நான்தான் விட்டிருப்பேன். அன்னைக்கு மாமியாரை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். ரெண்டு நாளா தூங்காம வந்து செஞ்சேன். விட்டிருப்பேன்."

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் அக்கா.

"இல்ல மேடம். அவரு அவ்வளவு சரியா செய்யற ஆளு. என் தப்புதான்."

மேலாளர் ஒரு தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். குரல் இப்போது அன்பாக இருந்தது. "வேணும்னு செய்யலன்னு எழுதிக்கலாம். கவனக்குறைவு. நிதானமா படிச்சுட்டு நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடுங்க."

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மணி மூன்று இருபது.

வாசலில் மோட்டார் சைக்கிள் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர் சீருடை, மடியில் இரண்டு ஹெல்மெட்.

"உள்ள விசாரிக்க வந்தவரா சார்? நான் அவ வீட்டுக்காரன். என்ன சொல்றாங்க?"

"பாத்துட்டு இருக்காங்க."

"ராத்திரி தூக்கத்துல மெஷின் நம்பரைச் சொல்றா சார். நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணுன்னு. பக்கத்துல படுத்திருக்கிறவன் என்ன நினைப்பான்?" அவரே சிரித்து, அவரே நிறுத்தினார். "உள்ள ஒரு ஃபைல் இருக்காமே. எழுதினவர் யாருன்னு தெரிஞ்சுச்சா?"

"ஏன்?"

"இல்ல, அவருக்கு எங்க வீட்ல இருக்கிற மரியாதை எனக்கே கிடையாது. நான் ஏதாவது தமாஷ் பண்ணினா, 'அவரு இதைவிட நல்லா சொல்லுவாரு'ம்பா. நாலு வருஷமா முகம் தெரியாத ஒரு ஆளோட போட்டி போடறேன் சார்." ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க இருக்காரோ. இருந்தா இவளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு."

நான் கேட்டைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. தாண்டினால் பஸ் நிறுத்தம். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் போனேன்.

"ஆந்தை."

அக்கா படிக்கட்டருகில் நின்றுகொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் கைப்பையிலிருந்து ஒரு கூரியர் கவரை எடுத்து நீட்டினார். எங்கள் அலுவலகத்துக்கு நேற்று வந்த கவர். ஓரத்தில் என் கையெழுத்தில் 'வந்தாச்சு' என்று எழுதியிருந்தது. வருகிற ஒவ்வொரு கவரிலும் நான் அதைத்தான் எழுதுவேன். கேஸ் சிலிண்டர் ரசீதில்கூட எழுதியிருக்கிறேன்.

கவரைத் திருப்பிக் கொடுத்தேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"லிஃப்டைத் திரும்பிக்கூடப் பாக்காம படிக்கட்டுக்கு அடியில போனே. அப்ப ஒரு சந்தேகம். ரெண்டரை மணிக்கு அப்புறம் உன் வாயிலேர்ந்து ஒரு ஜோக் வரல. அப்பக் கவலையாயிடுச்சு. அவங்க அந்த வார்த்தையைப் படிச்சப்ப முடிஞ்சது."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? ஒரு கவரைக் காட்டி என் ஆள் மேல நானே பழி போட்டா, அவளைக் காப்பாத்த நாடகம் ஆடறோம்பான் அந்த ஆளு. எனக்கு மெஷினும் தெரியாது. அந்த ஃபைலைத் தெரிஞ்சவங்க இந்தக் கட்டடத்துல ரெண்டே பேரு. ஒருத்தி கையெழுத்துப் போடப் போறா." வாட்சைப் பார்த்தார். "மூணு நாப்பத்தி ரெண்டு."

ரம்பம் என்று பெயர் வாங்கியவர் அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

நான் உள்ளே போனபோது பேனா அவள் கையில் இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றேன். "எழுபத்திரண்டு மெஷின்லயும் அந்த 'வந்தாச்சு' ஃபைல் எந்தத் தேதியில உண்டாச்சுன்னு ஒரே பட்டியலா எடுங்க."

அவள் புரியாமல் பார்த்தாள். ஆனால் விரல்களுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு ஒரு வரி தட்டினாள். பட்டியல் இறங்கியது. ஒரே தேதி, ஒரே தேதி, ஒரே தேதி. ஆறு வருடத்துக்கு முன்னால், விடியற்காலை மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில். எண்ணிப் பார்த்தோம். அறுபத்தொன்பது. மிச்சம் மூன்றும் வேறு தேதி. அந்த மூன்றும் பெட்டிகளின் மேல் எழுதியிருந்தவை.

"இவங்க எப்ப வேலையில சேர்ந்தாங்க?" கதவருகிலிருந்து அக்காவின் குரல்.

"நாலு வருஷம் ஆச்சு," என்றார் மேலாளர். அட்டவணையைத் தானாகவே சுருட்ட ஆரம்பித்தார்.

அவளைப் பார்த்துச் சொன்னேன். "முதல் மெஷின்ல மட்டும்னு ஒரு வரி இருந்திருந்தா, இந்த ஃபைல் ஒரு மெஷின்லதான் இருக்கும். எல்லாத்துலயும் இருக்கு. அப்படி ஒரு வரி என்னைக்குமே இருந்ததில்ல. நீங்க எதையும் விடல."

மேலாளர் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப அந்தப் பழைய ஆளுதான். அந்த கான்ட்ராக்ட் கம்பெனியே இப்ப இல்ல. யாருன்னு எங்க போய்த் தேடறது? அப்படியே எழுதிக்கலாம்."

அதோடு முடிந்திருக்கும். அவள் தப்பித்தாள், எனக்கும் சேதம் இல்லை. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆபரேட்டர் திரும்பினாள். தப்பித்தவளின் முகமாக அது இல்லை. "நாலு வருஷமா இந்த ஃபைலைப் படிக்கிறேன். எனக்கே இது தோணல. உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

மின்விசிறிகளின் இரைச்சல் அந்த அறையில் எப்போதும் உண்டு. அப்போதுதான் காதில் விழுந்தது.

"நான்தான் எழுதினேன்," என்றேன்.

மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. என் முகத்தை, சட்டையை, செருப்பை வரிசையாகப் பார்த்தாள்.

"நாப்பது செகண்ட் எதுக்கு?"

"முகம் கழுவிட்டு வர்றதுக்கு. அந்த நேரத்துல தூக்கம் தள்ளும்."

"காரணம் பெரிதுன்னு போட்டிருக்கு."

"சும்மா போட்டேன்."

"மெஷின் சூடு தணியறதுக்குன்னு ரெண்டு புது ஆளுங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். பெட்டிகள் மேலிருந்து காலை எடுத்து, எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். திரையில் ஃபைலின் கடைசி வரிக்குப் போய் நின்றாள்.

"'மீதி நாளைக்கு'ன்னு எழுதியிருக்கீங்க," என்றாள். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். நாலு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. காலால் நெம்பி மூன்று பெட்டிகளையும் அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செருப்பையும் தாண்டி, தரை சில்லென்றுதான் இருந்தது.